டேப்பட் சத்தம் அடங்கினால் கவனியுங்கள்: பழைய எஞ்சினும் ஈயமில்லாப் பெட்ரோலும்

தொண்டியிலும் கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் இன்னும் சில வீடுகளில் பழைய பெட்ரோல் வண்டிகள் ஓடும் நிலையில் நிற்கின்றன. அப்பா ஓட்டியது, மாமா ஓட்டியது என்று விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களும், கனமான சரக்கைத் தாங்கும் என்பதற்காக வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களில் யாராவது ஒருவருக்கேனும் எனக்கு நேர்ந்தது நேராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு) தேய்வது என்றால் என்ன, அதற்கும் பெட்ரோலில் இருந்து ஈயம் போனதற்கும் என்ன தொடர்பு என்பதை எனக்கு முன்கூட்டியே சொல்ல ஆள் இருந்திருந்தால், ஒரு சீசன் வியாபாரமும் நாற்பதாயிரத்துக்கு மேல் பணமும் மிஞ்சியிருக்கும். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். விசைப்படகின் டீசல் எஞ்சினையும் வள்ளத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள். ஆனால் பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் அவர்கள் கைக்கு வருவது அரிதாகிவிட்டது.

எனக்குத் தொண்டியில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் சிறிய கடை இருக்கிறது. தேவகோட்டையில் இருந்த தாய்மாமாவின் 1977-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 3, அவர் இறந்த பிறகு பல ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றது. அத்தை அதை என்னிடம் ஒப்படைத்தபோது எஞ்சின் சுற்றவில்லை. வால்வுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியை) இறக்கி, சீட்டுகளைக் கட்டர் போட்டுப் புதிதாக வெட்டி, வால்வுகளை அரைப்புப் பசை வைத்து அரைத்து, கேஸ்கெட் மாற்றி ஏற்றினோம். பதினான்காயிரம் ரூபாய் ஆயிற்று. வண்டி அழகாக ஓடியது. தொண்டியிலிருந்து நம்புதாளை, உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வரை சரக்குக் கொண்டுபோவதற்கு அதையே பயன்படுத்தினேன். மாமா அந்த வண்டியைத் தேவகோட்டைக்குள்ளேயும் காரைக்குடி வரையிலும் மட்டுமே மெதுவாக ஓட்டியவர். நானோ பின் இருக்கையைக் கழற்றிவிட்டு வலைக்கட்டும் ஈயக்குண்டு மூட்டையும் ஏற்றி, நேரான கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டினேன். இந்த வேறுபாட்டின் பொருள் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

சில மாதங்களில் எஞ்சினின் டேப்பட் சத்தம், அதாவது வால்வைத் திறக்கும் பாகங்கள் தட்டும் சத்தம், மெல்ல அடங்கியது. அந்த எஞ்சினை அறிந்தவர்களுக்குத் தெரியும், சரியாக இருக்கும்போதும் தையல் இயந்திரம் போல ஒரு சத்தம் அதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அது குறைந்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சர்வீஸ் செய்தவரும், "நல்லாத் தேஞ்சு செட் ஆயிருச்சு தம்பி, இனிமே தொல்லை இல்ல" என்றார். அவர் மனதார நம்பித்தான் சொன்னார். பொதுவாகச் சத்தம் கூடுவதுதானே கோளாறு? ஆனால் சீட்டுக்கெனத் தனி வளையம் பதிக்காத வார்ப்பிரும்பு ஹெட்டைக் கொண்ட எஞ்சினில், யாரும் கை வைக்காமல் டேப்பட் சத்தம் தானாகக் குறைந்தால் அது ஆபத்தின் முதல் அறிகுறி. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஏன் என்பதைச் சொல்கிறேன். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி வைக்கப்படுகிறது. இந்த எஞ்சினுக்கு அது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, பட்டறை வழக்கில் 15 தௌ, அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். சூட்டில் தண்டு நீளும்போதும் வால்வு முழுமையாக மூடுவதற்காகவே அந்த இடைவெளி. ராக்கரோ தண்டின் முனையோ தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தமும் கூடும். ஆனால் வால்வு உட்காரும் சீட்டே தேய்ந்தால், வால்வு ஹெட்டுக்குள் மேலேறி அமர்கிறது. தண்டின் முனை ராக்கரை நோக்கி உயர்கிறது. இடைவெளி குறைந்து சத்தம் அடங்குகிறது. இடைவெளி முற்றிலும் இல்லாமல் போகும் நாளில் வால்வு மூட முடியாமல் சற்றே திறந்தபடி நிற்கும். எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் அமரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறக்கி வைக்கிறது. அமரவே முடியாவிட்டால் சூடு இறங்க வழியில்லை. எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகப் பீய்ச்சி அடித்து வால்வின் விளிம்பையே தின்றுவிடும்.

எனக்கு அது ஜூன் மாதத்தில் நடந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிவதற்கு முந்தைய வாரங்களில்தான் படகுக்காரர்கள் வலையும் கயிறும் வாங்குவார்கள். எங்கள் கடைக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அப்போதுதான் வருகிறது. பாம்பனில் சரக்கை இறக்கிவிட்டு, மறு நாளைக்கான சரக்கை ராமநாதபுரத்தில் ஏற்றிக்கொண்டு இரவில் தொண்டிக்குத் திரும்பினேன். கச்சான் காற்று கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது. அன்று காலையிலிருந்தே ஐட்லிங் சரியில்லை, வண்டி இழுக்கவில்லை, சைலன்சரில் அவ்வப்போது 'பொட்' என்று ஒரு சத்தம். திருப்பாலைக்குடியைத் தாண்டியதும் இழுவை ஒரேயடியாகப் போய், உப்பூருக்கு முன்னால் நின்றுவிட்டது. மீண்டும் கிளப்பினால் எஞ்சின் ஒரு காலை இழுத்து நடப்பதுபோல் சுற்றியதே தவிர வண்டியை நகர்த்தவில்லை. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலங்காடு; உள்ளே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் சரக்கு; தொலைபேசியில் யாரும் உடனே வரும் தூரத்தில் இல்லை. பயமாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. விடியும் வரை வண்டிக்குள்ளேயே இருந்தேன். காலையில் ஒரு மீன் வண்டி ஓட்டுநர் இரக்கப்பட்டுச் சரக்கை ஏற்றிக்கொண்டார். அம்பாசிடரைக் கட்டி இழுத்துக்கொண்டு போக மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் உண்மையான சோதனை. ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். டேங்கைக் கழற்றிக் கழுவினோம். காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் மாறின. கார்புரேட்டர் கிட் போட்டோம், பெட்ரோல் பம்ப் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் டேப்பட் மூடியைத் திறந்தபோது எக்ஸாஸ்ட் வால்வுகள் "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று சொல்லி இடைவெளியைத் தளர்த்தி வைத்தார்கள். உடனே வண்டி சற்று உயிர் பெற்று ஓடும். சில நூறு கிலோமீட்டருக்குள் பழையபடி ஆகிவிடும். தளர்த்தினால் சரியாகிறது, மீண்டும் இறுகுகிறது என்ற அந்த ஒரு செய்தியிலேயே விடை முழுவதும் இருந்தது. யாரும் அதை எழுதி வைக்காததால் அது செய்தியாகத் தெரியவில்லை. இடையில் ஹெட்டை மறுபடி இறக்கி, எரிந்திருந்த வால்வை மாற்றி, சீட்டை இன்னொரு முறை வெட்டி அரைத்தார்கள். அந்த வேலைக்கும் முந்தைய பாகங்களுக்குமாக இருபத்திரண்டாயிரம் ரூபாய் போயிற்று. வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி. சரக்கு நேரத்துக்கு வராததால் மண்டபத்தில் இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அந்த வருத்தம் பணத்தைவிடப் பெரியது. வீட்டில், வண்டியை இரும்பு விலைக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். நானும் ஒரு கட்டத்தில் அதற்குத் தயாரானேன்.

கடைசியில் மதுரையில் பழைய ஹெட் வேலை மட்டுமே செய்யும் ஒரு லேத் பட்டறைக்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, சைலன்சர் முனையில் ஒரு தாளைப் பிடித்தார். நல்ல எஞ்சினில் வாயு தாளைத் தொடர்ந்து வெளியே தள்ளும். என் வண்டியில் தாள் இடையிடையே குழாயை நோக்கி உள்ளே இழுபட்டது. எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று மூடாமல் இருந்தால், பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தச் சிலிண்டர் சைலன்சரிலிருந்தே காற்றை இழுக்கும் என்று விளக்கினார். பிறகு சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். மூன்று சிலிண்டர்கள் 120 பவுண்டை ஒட்டி நின்றன, மூன்றாம் சிலிண்டர் எழுபதைத் தாண்டவில்லை. அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ஏறவில்லை. காசு செலவில்லாத தாள் சோதனையும் எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய கேஜ் சோதனையும் முதல் நாளே நடந்திருந்தால், காயிலும் கார்புரேட்டரும் மாற்றியிருக்க வேண்டியதில்லை. ஆகவே பழைய பெட்ரோல் வண்டியில் இழுவை குறைந்தால் முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தையும் அதற்குப் பிறகு வாங்குங்கள்.

ஹெட்டைக் கவிழ்த்துக் காட்டியபோது எனக்கே தெரிந்தது. எக்ஸாஸ்ட் வால்வுகள் நான்கும் குழிக்குள் இறங்கியிருந்தன. நடுவில் அருகருகே இருக்கும் இரண்டும் மற்றவற்றைவிட ஆழம். இன்லெட் வால்வுகள் நான்கும் இருக்க வேண்டிய மட்டத்திலேயே இருந்தன. உள்ளே வரும் குளிர்ந்த கலவை இன்லெட் வால்வைக் குளிர்விப்பதால் அங்கே இந்தத் தேய்மானம் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயு இந்த எஞ்சினில் ஒரே பொதுவழியில் வெளியேறுவதால் அந்த இடம்தான் ஹெட்டிலேயே மிகவும் கொதிக்கும் இடம். சேதமும் அங்கிருந்தே தொடங்கியிருந்தது.

ஈயத்தின் கதை இதுதான். பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தால் எஞ்சினில் 'நாக்கிங்' எனப்படும் தட்டல் நிற்கிறது என்பதை 1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். 1923 முதல் அது விற்பனைக்கு வந்தது. தட்டலைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த ஈயம், எரிந்த பின் அதன் உப்புகளாக எக்ஸாஸ்ட் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, எதிர்பாராத இன்னொரு நன்மையையும் செய்தது. செந்தழலாகச் சூடேறிய வால்வு சாதாரண வார்ப்பிரும்புச் சீட்டில் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் அறையும்போது, இரண்டு உலோகங்களும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு, பிரியும்போது சீட்டிலிருந்து துகள்களைப் பிய்த்து எடுக்கும். அந்தத் துகள்கள் கடினமான இரும்பு ஆக்சைடாகி மேலும் சுரண்டும். ஈயப் படலம் இந்த ஒட்டுதலைத் தடுத்தது. அந்தப் பாதுகாப்பை நம்பியே அக்காலத்தில் உலகெங்கும் பல எஞ்சின்களில் தனிச் சீட் வளையம் வைக்காமல், ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே சீட்டை வெட்டினார்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அது பெட்ரோலிலிருந்து போனதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை, போகத்தான் வேண்டும். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அது மட்டுமே விற்கப்படுகிறது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. அப்படியென்றால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என் எஞ்சினில் மட்டும் ஏன் இப்போது தேய வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டேன். இதே கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். "இருபது வருசமா ஓடுதே, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லி ஆறுதல் அடைகிறார்கள்.

அவர் சொன்ன விடையை என் சொற்களில் தருகிறேன். பல ஆண்டுகள் ஈயப் பெட்ரோலில் ஓடிய சீட்டின் மேற்பரப்பு அடிபட்டு அடிபட்டு இறுகியிருக்கும். பழைய படிவும் கொஞ்சம் இருக்கும். மெதுவாக ஓட்டும் வரை அது நெடுங்காலம் தாங்கும். சீட் கட்டர் போட்ட அன்று அந்த மேற்பரப்பு முழுவதும் சீவப்பட்டு, அடியிலுள்ள மென்மையான புது இரும்பு வெளியே வந்துவிடுகிறது. ஆக, வண்டியை உயிர்ப்பிக்கச் செய்த வேலையே காப்பையும் எடுத்துவிட்டது. இரண்டாவது காரணம் வேகமும் பாரமும். இந்தத் தேய்மானம் சிறுகச் சிறுகக் கூடுவதில்லை. எஞ்சின் உயர்ந்த சுற்றில் தொடர்ந்து பாரம் இழுக்கும்போது திடீரென்று பலமடங்காகிறது. ஊருக்குள் ஓடும் வண்டியில் ஆண்டுக்கணக்கில் அளந்தும் தெரியாத தேய்மானம், நெடுஞ்சாலையில் சில ஆயிரம் கிலோமீட்டரில் தெரிந்துவிடும். டாப் கியரில் எண்பதில் போகும்போது இந்த எஞ்சினின் சுற்று 3,000-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதில் சரக்கும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டன. மூன்றாவது, எக்ஸாஸ்ட் சூட்டைக் கூட்டும் எதுவும் சீட்டையும் தின்னும்: பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை, பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (பொறி தாமதமாக விழுவது), அடைத்த ரேடியேட்டர். கடற்கரையில் நெடுநாள் நின்ற வண்டியில் ரேடியேட்டரும் ஹெட்டின் தண்ணீர் வழிகளும் துருவால் அடைத்திருப்பது வழக்கம். என் ஹெட்டிலும் நடுவழி பாதி அடைத்திருந்தது.

நிலையான தீர்வு ஒன்றுதான்: எக்ஸாஸ்ட் சீட்டுகளைக் கடைந்து எடுத்துவிட்டு, கடினமான தனிச் சீட் வளையங்களைப் பதிப்பது. இந்த வேலையைக் கொடுப்பவர் சிலவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஹெட்டைக் கழுவி, நடு எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கு இடையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். விரிசல் இருந்தால் மேற்கொண்டு செய்யும் செலவெல்லாம் வீண். அடுத்து, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு. சீட் வெட்டும் கட்டர் கைடைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறது. தேய்ந்த கைடை வைத்து வெட்டினால் சீட் மையம் தவறிவிடும். ஆகவே கைடு மாற்றிய பிறகே சீட். வளையத்துக்கான குழியை ஆழமாகக் கடைந்தால் தண்ணீர் வழி உடைந்துவிடும் என்பதால், இதே வகை ஹெட்டில் முன்பு வேலை செய்த கை வேண்டும். வளையம் குழியைவிடச் சில தௌ பெரிதாக இருக்க வேண்டும்; ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிர்வித்து இறக்கினால்தான் இறுகப் பிடிக்கும். தளர்வாக இறக்கிய வளையம் ஓட்டத்தில் கழன்று விழுந்தால் பிஸ்டனும் போய்விடும்.

வளையம் எங்கே கிடைக்கும் என்று தேடி அலையத் தேவையில்லை. எல்.பி.ஜி., சி.என்.ஜி. போன்ற வாயு எரிபொருளும் சீட்டை இதே விதத்தில் தேய்க்கும். அதனால் கேஸ் ஆட்டோக்களுக்கு ஹெட் வேலை செய்யும் பட்டறைகளில் கடினமான சீட் வளையங்களின் பழக்கம் உண்டு. "கேஸ் வண்டிக்குப் போடற சீட் மாதிரி வேணும்" என்று கேட்டால் அவர்களுக்குப் புரிந்துவிடும். விட்டமும் கனமும் உங்கள் ஹெட்டுக்குப் பொருந்துமாறு அவர்களே அளந்து எடுப்பார்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளையும் சூடு தாங்கும் உலோகத்தில் புதிதாகப் போட வேண்டும். பழைய வால்வைக் கடினச் சீட்டில் வைத்தால் அடுத்துத் தேய்வது வால்வாக இருக்கும். இன்லெட் பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. நான்கு எக்ஸாஸ்டுக்குப் பதில் எட்டுக்கும் வளையம் போடச் சொல்வது செலவைக் கூட்டும், ஹெட்டில் தேவையில்லாமல் மேலும் நான்கு இடத்தில் கடைய வேண்டியும் வரும். வளையம், வால்வு, கைடு, ஹெட் மட்டம் எடுத்தல், கேஸ்கெட், கூலி, லாரி எல்லாம் சேர்ந்து எனக்கு முப்பதாயிரத்தை ஒட்டி ஆயிற்று. முதன்முதலில் ஹெட்டை இறக்கிய நாளிலேயே இதைச் செய்திருந்தால் கூடுதலாகப் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும், ஏனென்றால் ஹெட்டை இறக்கி ஏற்றும் கூலியும் கேஸ்கெட்டும் எப்படியும் கொடுத்தவைதான்.

அந்த வாரங்களில் என் காதில் விழுந்த வைத்தியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை உங்கள் காதிலும் விழும். விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் சரியாகும் என்றார்கள். ஆக்டேன் எண் தட்டலைத் தடுக்கும் திறனைக் குறிப்பது. சீட்டைக் காப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 95 ஆக்டேன் பெட்ரோலிலும் ஈயம் இல்லை, சீட் அப்படியேதான் தேயும். ஆக்டேனைக் கூட்டுவதற்கு மட்டுமே செய்த பூஸ்டர் பாட்டில்களுக்கும் இதே விடை. பொட்டாசியம், பாஸ்பரஸ், மாங்கனீசு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, ஈயத்துக்கு மாற்றாகச் சீட்டைக் காக்கவே செய்யப்பட்ட திரவங்கள் வெளிநாடுகளில் உண்டு. அவை தேய்மானத்தைக் குறைக்கும், ஆனால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தவறாமல் அளந்து ஊற்ற வேண்டும், ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. இரண்டு வகைத் திரவத்தை ஒன்றாகக் கலக்கவும் கூடாது. டூ ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலக்கச் சொன்னவர்கள் நம் கரையில் பலர், அவுட்போர்டு பழக்கத்தால். அது பிளக்கையும் பிஸ்டன் தலையையும் கரியாக்குமே தவிர, ஈயம் செய்த வேலையைச் செய்யாது. மண்ணெண்ணெய் கலப்பது எஞ்சினுக்குத் தட்டலையும் கேட்டையும் தருவது. அதை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

இப்போது பம்புகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வேறொரு செய்தி. அதையும் சீட் தேய்மானத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஓரிடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வைத்த கார்புரேட்டரில் கலவை காற்று கூடியதாகிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டிவைக்க வேண்டும் அல்லது ஜெட்டை மாற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயாப்ரமும் எத்தனாலில் ஊறி இளகும். அவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், நம் உப்புக்காற்றில் பாதி காலியான டேங்குடன் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்; நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி வையுங்கள்.

எல்லாருக்கும் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினிய ஹெட் உள்ள எஞ்சின்களில் அலுமினியம் அடிதாங்காது என்பதால் சீட் தொடக்கத்திலிருந்தே தனி வளையமாக இருக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இத்தகைய வால்வே கிடையாது; டீசல்காரர்களுக்கும் இந்தக் கவலை தேவையில்லை. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டிய பழைய பெட்ரோல் எஞ்சின்தான் கவனிக்க வேண்டியது. ஹெட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. பிறகு அந்த ஹெட்டுக்கு முன்பே வளையம் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஹெட் கழற்றியிருக்கும்போது சீட்டைச் சுற்றி மெல்லிய வட்டக்கோடு தெரிந்தால் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

போடாத வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஹெட்டைக் கழற்ற ஓட வேண்டியதில்லை. மெதுவாக, ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில், பாரமில்லாமல் ஓட்டினால் அது பல ஆண்டுகள் ஓடலாம். செய்ய வேண்டியது அளப்பதும் எழுதுவதும் மட்டுமே. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜ் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் 1, 4, 5, 8 ஆகியவை எக்ஸாஸ்ட். எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும், ஐந்தாவது திறந்திருக்கும்போது நான்காவதை. திறந்ததும் அளப்பதும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். நாளும் கிலோமீட்டரும் போட்டு, தளர்த்துவதற்கு முன் இருந்த அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். மெக்கானிக் செய்தாலும் அருகில் நின்று, "அண்ணே, எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தௌ குறைந்தால் பொறுத்திருக்கலாம், அடுத்த ஹெட் வேலையின்போது வளையம் போட்டுக்கொள்ளலாம். அதே தூரத்தில் நான்கைந்து தௌ குறைந்தால், அதுவும் நடு இரண்டில் குறைந்தால், நீண்ட பயணத்தை நிறுத்திவிட்டுப் பட்டறையைத் தேடுங்கள்.

பழைய வண்டியைப் புதிதாக வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: கடைசியாக ஹெட் எப்போது இறங்கியது, அப்போது எக்ஸாஸ்டுக்கு வளையம் போட்டார்களா? "வால்வு அரைச்சுப் புதுசா இருக்கு" என்பது மட்டும் பதிலாக வந்தால், வளையம் போடும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வளையம் போட்ட பிறகும் முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் ஒரு முறை ஹெட் போல்ட்டுகளை முறைப்படி இறுக்கி, டேப்பட்டை மறுபடி பார்க்க வேண்டும். கேஸ்கெட் அமர்வதால் அப்போது சிறிது மாறுவது இயல்பு. என் வண்டியில் அந்த ஒரு முறைக்குப் பிறகு நான்கு எக்ஸாஸ்ட் வால்வுகளும் 15 தௌவிலிருந்து நகரவில்லை. அடுத்த தடைக்காலத்துச் சரக்கு முழுவதையும் அதே வண்டிதான் பாம்பனுக்குக் கொண்டுபோனது, டேப்பட் சத்தத்துடன்.